போர்ட்டிங்: பெயர்ப்பா, துறைமாற்றா?

கோவை, கணினி ஆசிரியர்:
வணக்கம். மாணவர்களுக்கான லினக்ஸ் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. தனியுரிம மென்பொருளைத் தன்னார்வலர்கள் வேறு இயங்குதளத்தில் ஓட வைப்பது பற்றி அதில் ஒரு பாடம். இதைப் போர்ட்டிங் என்கிறார்கள். தமிழில் என்ன போடலாம், 'பெயர்ப்பு' சரியா? 'இடம்பெயர்ப்பு' வேண்டாம். தரவை மாற்றுவதற்கு அதை முந்தைய பாடத்திலேயே செலவழித்துவிட்டேன்.

ஈரோடு:
துறைமாற்று. போர்ட் என்றால் துறைமுகம்தானே? கப்பல் ஒரு துறையை விட்டு இன்னொரு துறைக்குப் போகிறது. சின்னச் சொல், தூய தமிழ்.

பொள்ளாச்சி, தமிழாசிரியர்:
அந்தச் சொல்லில் துறைமுகமே இல்லைங்க. சுமந்து செல்லுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. அப்புறம், கொங்கில் துறை என்றால் யாருக்குக் கப்பல் ஞாபகம் வரும்? பேரூர்ப் படித்துறைதான் வரும்.

ஈரோடு:
ஏனுங்க ஐயா, சங்கப் பாட்டில் வரும் கொடுமணம் நம்ம நொய்யல் கரைக் கொடுமணல் என்றுதானே தொல்லியலார் சொல்கிறார்கள்? அங்கே செய்த மணிகள் பாலக்காட்டுக் கணவாய் தாண்டிச் சேரர் துறைமுகமான முசிறிக்குப் போயிருந்தால் கப்பல் ஏறத்தானே போயிருக்கும்?

கோவை:
கொடுமணலைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமா? திங்கட்கிழமை!

திருப்பூர், நிரலாளர்:
ஒரு சொல் போதாது. 1997-ல் டூம் என்ற கணினி விளையாட்டின் மூலநிரலை (சோர்ஸ் கோட்) வெளியிட்டார்கள். டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான பதிப்பின் ஒலி நூலகம் பிறர் சொத்து என்பதால் லினக்ஸ் பதிப்பைத்தான் கொடுத்தார்கள். தன்னார்வலர்கள் அதைத் திருத்தித் திருத்திக் கண்ட கருவியிலெல்லாம் ஓட்டினார்கள். இது பெயர்த்தல், சரி. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் (1993-ல் தொடங்கியது) அப்படியல்ல. மூலநிரல் கையில் கிடையாது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறாது. அந்த நிரல் விண்டோஸிடம் கேட்பதை வைன் வாங்கி, லினக்ஸுக்குப் புரியும் அழைப்பாக்கித் தருகிறது. விண்டோஸின் மூலநிரலைப் பார்த்தவர்கள் வைனுக்கு எழுதவே கூடாது என்று விதியும் உண்டு. இங்கே எது பெயர்ந்தது?

பொள்ளாச்சி:
நல்ல கேள்வி. பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. டூமுக்குப் பிறவினை பொருந்தும். வைனுக்கு 'இசைவு அடுக்கு' (கம்பாட்டிபிலிட்டி லேயர்) போடுங்கள்.

பல்லடம்:
2011-லிருந்து நாடு முழுக்க செல்போன் நம்பரை 'போர்ட்' பண்ணிக்கொண்டிருக்கிறோம். காந்திபுரத்தில் ஒரு கடையில் போய் "எண்ணைப் பெயர்க்கணும்" என்று சொல்லிப் பாருங்கண்ணா. போர்ட்டிங் என்றே விடுங்க. 'மென்பொருள் பெயர்ப்பு' என்றால் தமிழில் மொழிபெயர்த்த மென்பொருள் என்றுதான் பையன்கள் நினைப்பார்கள்.

திருப்பூர்:
இந்தக் குழப்பம் வரும் என்பது உண்மை. ஆனால் நம்பர் மாறுவதில்லை, கம்பெனிதான் மாறுகிறது. டூமில் நிரலையே திருத்துகிறோம். அந்த 'போர்ட்' இங்கே உதவாது தம்பி.

கோவை:
சரி, அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். 'மென்பொருள் பெயர்ப்பு' என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் "போர்ட்டிங் எனப்படும்" என்று சேர்க்கிறேன். வைனுக்கு இசைவு அடுக்கு. எல்லோருக்கும் நன்றி.

பொள்ளாச்சி:
மென்பொருளைப் பெயர்ப்பது வேற்றுமைத் தொகை. 'மென்பொருட்பெயர்ப்பு' என்று வர வேண்டும்.

பல்லடம்:
ஐயா, அந்த 'ட்' வந்தால் நான் கையேட்டையே திறக்க மாட்டேன்.

ஈரோடு:
என் மொழிபெயர்ப்புகளில் துறைமாற்று என்றுதான் போடுவேன். முசிறி பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன்.