வடவறத்துச் சந்துல டிசம்பர் பூ மொட்டே வைக்க மாட்டேங்குது, என்ன பண்றதுங்க?

கேள்வி (கோபிச்செட்டிபாளையம்)

வணக்கமுங்க. எங்கூட்டு வடவறத்துல, அதான் வடக்குப் பக்கம், ஊட்டுச் சுவத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல பத்தடி அகலத்துல ஒரு சந்து. அம்மா இருந்தப்ப கார்த்திகை பொறந்தா அங்க தொட்டி தொட்டியா டிசம்பர் பூ, ஊதாவும் வெள்ளையுமா நெறஞ்சு நிக்கும். விடியால பறிச்சுக் கட்டி எனக்கு வெச்சு உடுவாங்க. அவங்க போன பொறவு அந்த மூலை இருண்டு கிடக்குதுங்க.

போன வருசம் வைகாசியில அதே செடியில குச்சி ஒடிச்சு ஆறு தொட்டியில வெச்சேன். இப்ப இடுப்பளவு வளந்துருச்சு. இலை கரும்பச்சை, கணுவுக்குக் கணு நாலு விரக்கடை இடைவெளி, தண்டெல்லாம் சந்து வாயப் பாத்துச் சாயுது. மொட்டு மட்டும் ஒண்ணு கூட இல்ல. வாரம் ஒருக்கா கடலைப் புண்ணாக்குத் தண்ணி ஊத்தறேன். எங்க தப்புப் பண்றேன்?

பதில் (அவினாசி)

தொட்டிக்கு ஒரு கைப்பிடி டிஏபி உரம் போடுங்க, பூத்துரும்.

பதில் (காங்கேயம்)

அண்ணா, தொட்டிக்குக் கைப்பிடி டிஏபி வேண்டாமுங்க, வேர் வெந்துரும். அதுலயும் நூத்துக்கு 18 தழைச்சத்துதான். புண்ணாக்குத் தண்ணியாலயே அந்தச் செடிக்கு இலை போதும் போதும்ங்கற அளவுக்கு இருக்குது.

தங்கச்சி, ரெண்டு விசயம் சொல்லு. அந்தச் சந்துல இப்ப நேர் வெயில் எத்தன நேரம் உழுகுது? செடிய எப்பக் கத்தரிச்ச?

கோபி

சித்திரை வைகாசியில நல்லா வெயில் இருந்துச்சுங்க அக்கா, அதப் பாத்துத்தான் வெச்சேன். இப்பத் துளி கூட இல்ல. கத்தரிச்சது புரட்டாசிக் கடைசியில, கொழுந்தெல்லாம் ஒண்ணு போல இருக்கட்டும்னு. அம்மா காலத்துல இது ஓட்டு ஊடு, மூணு வருசத்துக்கு முந்தி மாடி எடுத்தோம்.

பதில் (காங்கேயம்)

அப்ப அந்த மாடிதான் காரணம். நம்ம பக்கம் சித்திரையில இருந்து ஆவணி வரைக்கும் உச்சி வெயில் வடக்க சாஞ்சு நிக்கும், அதனால வடவறச் சந்துக்கும் கிடைக்கும். ஐப்பசி மார்கழியில சூரியன் தெக்க போயிரும். டிசம்பர் 21 வாக்குல உச்சிப் பொழுதுல பத்தடி உயரத்துக்கு ஏழடி நிழல் வடக்க உழுகும். பத்தடி ஓட்டு ஊட்டு நிழல் போக அம்மாவுக்கு மூணடி வெயில் மிச்சம் இருந்திருக்கும். இப்ப இருவதடி மாடிக்குப் பதினாலடி நிழல், சந்து முச்சூடும் மூடிருச்சு. அம்மா கைராசி உனக்கு இல்லைன்னு மட்டும் நெனைக்காத கண்ணு.

டிசம்பர் பூ அரை நிழல் தாங்கும், முழு நிழல்ல தழையா ஓடும். புரட்டாசியில வெட்டுனதும் தப்பு. மொட்டு வரப்போற நுனியத்தான் வெட்டிருக்கற. பூத்து முடிஞ்சு மாசிக்கு மேல வெட்டோணும்.

தொட்டிங்கறதே நகத்தறதுக்குத்தான. ஆறையும் மொட்ட மாடிக்கு ஏத்து. நிழல்ல இருந்த செடிய ஒரே நாள்ல உச்சி வெயில்ல வெக்காத, இலை கருகும். ஒரு வாரம் காலை வெயில், அப்பறம் நாள் பூரா. முள்ளு முள்ளா மொட்டுக் கொத்து வந்து ஊதா நுனி எட்டிப் பாத்ததும் சந்துக்கு எறக்கு. பூ அங்க விரியும். மூணு கீழ, மூணு மேல, வாரா வாரம் மாத்தி வெய். அடித்தட்டு வேண்டாம், மழைத்தண்ணி தேங்குனா வேர் அழுகும். புண்ணாக்க நிறுத்து.

பதில் (பொள்ளாச்சி)

காம்பவுண்டுச் சுவத்துக்கு வெள்ளச் சுண்ணாம்பு அடிங்க, இருக்கற வெளிச்சமாவது திரும்பும். கனகாம்பரமும் ரெண்டு தொட்டி வெய்ங்க, அரை நிழல் தாங்கும். பாயின்செட்டியாச் செடி வாங்கறதா இருந்தா மாடியில தெருவிளக்கு வெளிச்சம் படாத பக்கம் வெய்ங்க. ராத்திரி முழு இருட்டு இல்லைன்னா இலை செவக்காது. தொட்டி மண்ணுல தேங்கா நார்க்கழிவு கலந்தா நல்ல தண்ணியில ரெண்டு மூணு தரம் அலசிட்டுக் கலங்க, அதுல உப்பு இருக்கும்.

கோபி (தை மாசம்)

அக்கா, நாலு தொட்டி மொட்டு வெச்சிருச்சுங்க! ரெண்ட நேத்து எறக்கி, சுண்ணாம்பு அடிச்ச சுவத்தோரம் வெச்சேன். இன்னைக்கு விடியால பதினோரு பூ எண்ணுனேன். அஞ்சாவது தொட்டியில மட்டும் கணுவுல வெள்ளையா மாவாட்டம் ஒட்டீருக்குதுங்க.

பதில் (காங்கேயம்)

மாவுப்பூச்சி கண்ணு. அந்தத் தொட்டியக் கீழ எறக்காம தனியா வெய். வேகமாத் தண்ணி பீச்சிக் கழுவு. பொழுது எறங்குன பொறவு, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூட கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து கணுவுலயும் இலைக்கு அடியிலயும் நனையறாப்புல அடி. வாரம் ஒருக்கா, மூணு வாரம்.