பழைய ரிவி கேம் பெட்டியில சுப்பர் மாரியோ: முதல்தரம் விளையாட உதவி வேணும்

கொக்குவில்_மதி:
வணக்கம் அண்ணாமார், அக்காமார். வீட்டில கிடந்த ரிவி கேம் பெட்டியை எல்ஈடி ரிவியில குடுத்திருக்கிறன். படம் கறுப்பு வெள்ளையா வருது, சிலவேளை சாம்பல் திரை மட்டும்தான். ரிவியில மஞ்சள், வெள்ளை, சிவப்பு எண்டு மூண்டு ஓட்டை இல்லை, 'ஏவி' எண்டு எழுதின சின்ன ஓட்டை ஒண்டுதான் இருக்கு. பெட்டியின்ர அடியில 9 வோல்ட் எண்டு கிடக்கு, ஆனா இப்ப குடுத்திருக்கிறது றூட்டரின்ர 12 வோல்ட் அடப்டர். இன்னொண்டு, மாரியோ எனக்குப் புதுசு. 1-2 ஐ, அதாவது முதல் உலகத்தின்ர ரெண்டாவது லெவலைத் தாண்டேலாமல் கிடக்கு. எங்கயிருந்து தொடங்கிறது?

சோல்டர்_உடுவில்:
தம்பி, முதல் வேலை உந்த 12 வோல்ட்டைக் கழட்டுறது. பழைய பெட்டியளுக்குள்ள 7805 எண்டொரு றெகுலேற்றர் இருக்கும். வாற மின்னை 5 வோல்ட்டாக் குறைச்சு, மிச்சத்தை வெப்பமா விடுறதுதான் அதின்ர வேலை. 9 குடுத்தால் 4 வோல்ட் வெப்பமாப் போகும், 12 குடுத்தால் 7. சூடு கூடினால் கேம் நடுவில நிக்கும், பேந்து றெகுலேற்றரே போயிடும். 9 வோல்ட், 850 மில்லி அம்பியருக்குக் குறையாத அடப்டர் எடுங்கோ. பெட்டியின்ர அடியில உள்ள வட்டக் குறியையும் பாருங்கோ, நடுமுனை பிளஸா மைனஸா எண்டு. 1983 இல வந்த நின்ரெண்டோ கம்பனியின்ர அசல் பெட்டி ஃபமிகொம்முக்கு நடுமுனை மைனஸ், ஆனா அதைப் பார்த்துச் செய்த பெட்டியள் எல்லாம் அப்பிடியில்லை. குறி அழிஞ்சிருந்தால், இப்ப வேலை செய்யிற அடப்டரின்ர முனையை மல்ரிமீற்றரால அளந்து அதே திசையில வாங்குங்கோ.

சாம்பல் திரை கேம் கசெற்றின்ர தொடுப்புப் பிழை. கசெற்றின்ர வாயில பக்கத்துக்கு 30 ஆக 60 செப்புக் கால் இருக்கும். எங்கட பக்கம் உப்புக் காத்து, அதுக்குப் பச்சை பிடிக்கும். வெள்ளை அழிறப்பரால மெல்ல உரசி, தூளைத் தட்டிவிட்டு, ஐசோபுறொப்பைல் அற்ககோலில நனைச்ச பஞ்சுக் குச்சியால வடிவாத் துடையுங்கோ. ஃபோன் திருத்துற கடையளில கேட்டால் கிடைக்கும். பாமசியில விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிற் வேண்டாம், அதில ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், காலில பிசுக்கு நிண்டிடும். வாயால ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரத்தில பச்சை இன்னும் கெதியாப் பிடிக்கும். காய்ஞ்சபிறகு பவரை நிப்பாட்டிவைச்சு, கசெற்றை நாலைஞ்சு தரம் போட்டு எடுங்கோ, பெட்டிக்குள்ள உள்ள கால்களும் உரசுப்படும்.

கறுப்பு வெள்ளைக்கு, ரிவி மெனுவில 'கலர் சிஸ்ரம்' எண்டதை ஓட்டோவில விடாமல் 'பால்' (PAL) எண்டு மாத்துங்கோ, சரிவராட்டி 'என்ரிஎஸ்சி' (NTSC). ஓட்டையையும் பாருங்கோ: பக்கத்தில கொம்பொனன்ற் எண்டு இன்னொரு ஓட்டை இருந்து அதுக்குள்ள குத்தினாலும் நிறம் வராது. சின்ன ஏவி ஓட்டைக்கு நாலு வளைய முனை வயர் வேணும். எந்த வளையத்தில படம் போகுது எண்டது வயருக்கு வயர் வித்தியாசம். மஞ்சளில படம் வராமல் இரைச்சல் மட்டும் கேட்டால், பெட்டியின்ர மஞ்சளை வயரின்ர சிவப்பில குத்திப் பாருங்கோ.

நல்லூர்_8பிற்:
மதி, வயர் பிரச்சினை முடிஞ்சதும் விளையாட்டுக்கு வாங்கோ.

முதல்ல கை. ஓட்டத்துக்கு 'பி', பாய்ச்சலுக்கு 'ஏ'. பெருவிரல் நுனியால 'பி' ஐ அமத்தியே வைச்சு, அதே விரலின்ர அடிப்பக்கத்தைச் சாய்ச்சு 'ஏ' ஐ அமத்தப் பழகுங்கோ. 'ஏ' ஐ எவ்வளவு நேரம் பிடிக்கிறமோ அவ்வளவு உயரம் பாயும். அதால ரேர்போ 'ஏ' ஐத் தொடவேண்டாம்: அது அமத்தி விட்டு அமத்தி விட்டு வேலை செய்யிறது, பாய்ச்சல் குட்டையாப் போகும். கனபேர் 1-2 இல விழுறதுக்கு உதுவே காரணம்.

1-1 ஐ ஆறுதலாத் திருப்பித் திருப்பி விளையாடுங்கோ. கேமை வடிவமைச்ச மியமோட்டோவும் தெசூக்காவும் 1985 இல அதைப் பாடம் மாதிரித்தான் அமைச்சினம். முதல் காளான் வலப்பக்கம் ஓடிக் குழாயில முட்டி உங்களிட்டயே திரும்பி வரும், தொட்டால் நல்லது எண்டு தானாத் தெரியவரும். நாலாவது குழாயில கீழ் அம்பை அமத்தினால் நிலத்தடிக் காசு அறை. அதுக்குள்ள இறங்காமல் போனால், முதல் பள்ளத்துக்குச் சற்று முன்னால வெறும் காத்தில ஒரு மறைபெட்டி இருக்கு, அதுக்குள்ள ஒரு உயிர். 100 காசுக்கும் ஒரு உயிர். திரை பின்னுக்கு வராது, விட்டது விட்டதுதான்.

1-2 கடைசியில உயர்த்தியில ஏறி கூரைக்கு மேலால ஓடினால் 4, 3, 2 எண்டு, அந்தந்த உலகத்துக்கு நேர கொண்டுபோற மூண்டு குழாய் வரும். முதல்தரம் விளையாடுறவர் அதைப் பாவிக்கக் கூடாது எண்டது என்ர உறுதியான அபிப்பிராயம். 3-1 இல சுத்தியல் எறியிற ஆமையளில பழகாமல் 4 ஆம் உலகத்துக்குப் போனால் கை தயாரா இருக்காது.

உயிரெல்லாம் முடிஞ்சால் றீசெற் அமத்தாதேங்கோ, கன கேம் உள்ள கசெற் எண்டால் மெனுவுக்குப் போயிடும். தலைப்புத் திரையில 'ஏ' ஐப் பிடிச்சபடி ஸ்ரார்ட்டை அமத்துங்கோ. செத்த உலகத்தின்ர முதல் லெவலில இருந்து தொடங்கும். பவரை நிப்பாட்டினால் அதுவும் போச்சு.

4-4, 7-4, 8-4 கோட்டையள் சுத்துப் பாதை. பிழையான பாதையால போனால் அதே இடம் திரும்ப வரும். 4-4, 7-4 இல மேல் கீழ் தட்டை மாத்திப் பாருங்கோ, 8-4 இல வேற குழாய்க்குள்ள இறங்கிப் பாருங்கோ.

கொக்குவில்_மதி:
நன்றி அண்ணா. நிறம் வந்திட்டுது. அமத்தி கொஞ்சம் பிந்தித்தான் பாயுது. வாத்துச் சுடுற கேமின்ர துவக்கும் வேலை செய்யேல்லை.

சோல்டர்_உடுவில்:
பிந்துறது ரிவி படத்தைப் பதப்படுத்துற நேரம். படத் தெரிவில 'கேம்' எண்டதைப் போட்டு, இரைச்சல் குறைப்பு, அசைவு மென்மை எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. எச்டிஎம்ஐக்கு மாத்திற சின்னப் பெட்டி (கொன்வேர்ட்டர்) வாங்கிறதெண்டால் ஏவி உள்ளுக்குப் போற வகையைக் கேட்டு வாங்குங்கோ, எதிர்ப்பக்கம் மாத்திறதும் அதே உருவத்திலதான் விக்கினம். அதுகும் கொஞ்சம் பிந்தப் பண்ணும், நேர ஏவிதான் நல்லம்.

உங்கட பெட்டி 'பால்' எண்டால் செக்கனுக்கு 50 படம், கேம் எழுதினது 60 க்கு. ஆறில ஒரு பங்கு மெதுவா ஓடும். 1-1 இல உள்ள 400 நேரம் ஏறத்தாழ 160 செக்கனுக்குப் பதிலா 190 செக்கன் வரும். புதுசாப் பழகிற ஆளுக்கு அது வசதி.

துவக்கு எல்ஈடியில வேலை செய்யாது. விசையை இழுத்தவுடன திரை ஒருக்காக் கறுத்து, வாத்து இருக்கிற இடத்தில வெள்ளைப் பெட்டி வரும். அந்த வெளிச்சத்தை அந்தக் கணமே துவக்கின்ர கண் பிடிக்கவேணும். எல்ஈடியில அது பிந்தி வருது. பழைய பெட்டி ரிவி ஒண்டு கிடைச்சால் மட்டும் எடுத்துப் பாருங்கோ.