கிரீஸ், 9 இரவு, 1,600 யூரோ: சாண்டோரினி வேணுமா, வேண்டாமா?

வெயில்காலம்:
அக்டோபர் முதல் வாரம், நானும் மனைவியும். ஏதென்ஸில் இறங்கி அங்கிருந்தேதான் திரும்பணும். விமானமும் விசாவும் தனி. அங்கே போய்ச் செலவழிக்க 1,600 யூரோ. ஏஜென்ட் கொடுத்த திட்டம்: ஏதென்ஸ் 1, மைக்கோனோஸ் 3, சாண்டோரினி 4, கடைசியில் ஏதென்ஸ் 1. எல்லாம் வேகக் கப்பல். மனைவி சுத்த சைவம், முட்டையும் கிடையாது. இந்தத் திட்டம் தேறுமா?

மலைப்பாதை:
தேறாது. முதலில் கப்பல் கணக்கைப் பாருங்க. ஏதென்ஸுக்குத் துறைமுகம் பிரேயஸ். பிரேயஸ்–மைக்கோனோஸ், மைக்கோனோஸ்–சாண்டோரினி, சாண்டோரினி–பிரேயஸ் என மூன்று வேகக் கப்பல். ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 80 யூரோ என்று வைத்தாலும் ரெண்டு பேருக்கு 480. உங்க பணத்தில் பத்தில் மூணு பங்கு தண்ணியிலேயே போகுது. மிச்சத்தை வைத்துக்கொண்டு கிரீஸிலேயே விலை அதிகமான ரெண்டு தீவுகளில் ஏழு ராத்திரி தங்கணும். எப்படி?

தீவை விட்டுட்டு நிலப்பகுதியைப் பாருங்க. ஏதென்ஸ் 3, டெல்ஃபி 1, மெட்டியோரா 2, நாஃப்பிலியோ 3. டெல்ஃபி பழங்காலக் கோயில் இடம், மெட்டியோரா பாறை உச்சி மடங்கள், நாஃப்பிலியோ தெற்கே கடலோர ஊர். நாஃப்பிலியோவை வைத்துக்கொண்டால் மைசினி, எபிடாரஸ் என்ற பழங்கால இடங்கள் ரெண்டும் பக்கத்திலேயே. அக்டோபரில் வெயில் நடக்கிற அளவுக்கு இறங்கியிருக்கும். காற்றடித்துத் திட்டம் குலையும் பயமும் இல்லை.

கப்பல்கூலி:
கணக்கு சரி, முடிவு தப்பு. ஏஜென்ட் திட்டத்தில் கோளாறு மைக்கோனோஸும் வேகக் கப்பலும்தான். அதுக்காக ஏஜியன் கடலையே பார்க்காமல் வரச் சொல்வது என்ன நியாயம்?

மைக்கோனோஸை எடுத்துட்டு நாக்சோஸ் போடுங்க. மைக்கோனோஸ், சாண்டோரினி எல்லாம் சேர்ந்த சைக்லேட்ஸ் தீவுக்கூட்டத்திலேயே பெரியது, சொந்தமாக விவசாயம் உள்ள ஊர், அதனால் சாப்பாடும் அறையும் விலை குறைவு. ஆகியோஸ் ப்ரோக்கோபியோஸ் கடற்கரைக்கு நகரத்திலிருந்து பஸ் உண்டு. ஹால்கி, அபீராந்தோஸ் மலைக் கிராமங்களுக்கும் உண்டு. ஆனால் கோடை முடிந்ததும் பஸ் எண்ணிக்கை குறைந்துவிடும். போய் இறங்கியதும் துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற பஸ் அலுவலகத்தில் அந்த வார அட்டவணையைப் படம் எடுத்துக்கொள்ளுங்க.

கப்பல் சாதாரணமானதே போதும். பிரேயஸிலிருந்து காலை ஏழரை வாக்கில் கிளம்பும் பெரிய கார் ஃபெரி நாக்சோஸுக்கு ஐந்து, ஐந்தரை மணி நேரத்தில் போகும். அங்கிருந்து சாண்டோரினி ரெண்டு மணி நேரம். வேகக் கப்பலில் மூடிய அறைக்குள் இருக்கையோடு ஒட்டி உட்காரணும். இதில் மேல்தளத்தில் உலாத்தலாம், ஆட்டமும் குறைவு. டிக்கெட்டில் வாயில் எண் இருக்கும், அதைப் பார்த்துப் போங்க. பிரேயஸ் துறைமுகம் அவ்வளவு பெரிசு. சைக்லேட்ஸ் கப்பல்களுக்கு வழக்கமான இ6, இ7 வாயில்கள் மெட்ரோ ஸ்டேஷனுக்கு எதிரேயே. கிரீட் போகிற கப்பல் என்றால் வாயில் தூரம், துறைமுகத்துக்குள் ஓடும் இலவச பஸ் பிடிக்கணும்.

மலைப்பாதை:
காற்றைப் பற்றி வாயே திறக்கலையே? ஜூலை, ஆகஸ்டில் அடிக்கிற மெல்டெமி அக்டோபரில் அடங்கிவிடும், ஒத்துக்கிறேன். ஆனால் இலையுதிர்காலத்தில் தெற்கிலிருந்து புயல்காற்று வரும். காற்றின் வேகத்தைக் காட்டும் போஃபோர்ட் அளவு கூடினால் கடலோரக் காவல்படை கப்பல் கிளம்பவே விடாது. வேகக் கப்பலுக்கு அந்தத் தடை இன்னும் குறைந்த காற்றிலேயே வந்துவிடும். போதாததுக்கு மாலுமிகள் வேலைநிறுத்தம் வேற. கப்பல் கம்பெனி டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரும், இல்லை அடுத்த கப்பலில் ஏற்றும். தவறிய விமானத்துக்கு யார் பொறுப்பு?

கப்பல்கூலி:
அதுக்குத்தான் கடைசி ரெண்டு ராத்திரி ஏதென்ஸில் வைக்கச் சொல்வது. ஏஜென்ட் வைத்த ஒன்று போதாது. ஆக்ரோபோலிஸ் கோட்டைக் குன்றையும் கடைசிக்குத் தள்ளிவிட்டால், கப்பல் ஒருநாள் தாமதமானாலும் போவது ஒரு நகரத்து ராத்திரிதான். நேரம் குறித்த டிக்கெட் என்பதால் அதை ஏதென்ஸில் இருக்கும் ரெண்டாவது நாளுக்கு எடுங்க, வந்து சேர்கிற நாளுக்கு வேண்டாம்.

உங்க நிலப்பகுதித் திட்டத்துக்கு வருவோம். டெல்ஃபியிலிருந்து மெட்டியோராவுக்கு எதில் போகச் சொல்றீங்க? நேர் பஸ் கிடையாது. ஆம்ஃபிஸா, லாமியா, திரிக்காலா என்று மாறி மாறி ஏறி இறங்கணும், ஒரு இணைப்பு தவறினால் அன்றைய நாள் போச்சு. மெட்டியோராவிலிருந்து நாஃப்பிலியோவுக்கு மறுபடி ஏதென்ஸ் வந்துதான் போகணும். அதிலும் வடக்கு பஸ்கள் லியோசியோன் நிலையம், நாஃப்பிலியோ இருக்கும் பெலொப்பொனீஸ் பக்கத்து பஸ்கள் கிஃபிசோஸ் நிலையம். ரெண்டுக்கும் மெட்ரோ கிடையாது. பெட்டியோடு மாறுவதற்குள் போதும்போதும் என்றாகிவிடும்.

மலைப்பாதை:
பஸ்ஸில் அந்தச் சுற்று கஷ்டம்தான், மறுக்கலை. கார் எடுத்தால் டெல்ஃபியிலிருந்து மெட்டியோரா அடிவாரத்து ஊரான கலம்பாகாவுக்கு லாமியா வழியாக மூன்று, மூன்றரை மணி நேரம். காரை விமான நிலையத்தில் எடுத்து அங்கேயே விடுங்க. ஏதென்ஸ் நடுநகரத்துக்குள் ஓட்டவே வேண்டாம்.

கார் விஷயத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்வது எப்போதும் கவுண்டரில்தான். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேணும். அதை இந்தியாவிலேயே ஆர்.டி.ஓ.வில் வாங்கிட்டு வரணும், அங்கே போய் வாங்க முடியாது. முன்பணப் பிடித்தத்துக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேணும். மனைவி பெயரில் கார்டு, கணவர் ஓட்டுநர் என்றால் வண்டி தர மாட்டாங்க. கியர் வண்டிதான் மலிவு, ஆட்டோமேட்டிக் எண்ணிக்கையும் குறைவு, வாடகையும் கூட. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் சாதாரண காப்பீட்டில் பெரும்பாலும் வராது. மண்சாலைக்கு எதுவுமே வராது.

சில்லறை:
ரெண்டு பேரும் கப்பலையும் காரையும் வைத்துச் சண்டை போடுங்க, நான் ரூபாய் அணா பார்க்கிறேன். கப்பல்கூலி சொன்ன வழியில் ஏதென்ஸ் 2, நாக்சோஸ் 3, சாண்டோரினி 2, ஏதென்ஸ் 2 என்று வைத்தால், ரெண்டு பேருக்கு உத்தேசமாக:

அறை: ஏதென்ஸ் நாலு இரவு 280, நாக்சோஸ் 165, சாண்டோரினி 160. ஆக 605. கப்பல் மூன்றும் சேர்த்து 250. விமான நிலைய மெட்ரோ போக வர 36. ஆக்ரோபோலிஸ் 60. உள்ளூர் பஸ், மற்ற நுழைவுச்சீட்டு 80. சாப்பாடு பத்து நாளைக்கு 400. அறை வரி 18. மொத்தம் 1,449. கையில் 151 நிற்கும். கப்பல் ஒருநாள் தள்ளிப்போனால் சாண்டோரினியில் கூடுதல் ராத்திரிக்கு அதுதான் காப்பு, அதில் கை வைக்காதீங்க.

அந்த 18 யூரோதான் பலர் கவனிக்காமல் விடுவது. கிரீஸில் தங்கும் அறைக்கு ‘காலநிலை’ வரி உண்டு. ஆள் கணக்கு இல்லை, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று. 2025 முதல் ஏப்ரல்–அக்டோபரில் ஒன்று, ரெண்டு நட்சத்திர ஓட்டலுக்கு 2 யூரோ, மூன்று நட்சத்திரத்துக்கு 5, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. ஏர்பிஎன்பி மாதிரி குறுகிய கால வாடகை ஃபிளாட்டுக்கு 8. பல நேரம் முன்பதிவு விலையில் இது சேர்ந்திருக்காது, அங்கே போனதும் தனியாகக் கேட்பாங்க. ஒன்பது இரவும் ஃபிளாட் எடுத்தால் 72, ரெண்டு நட்சத்திர ஓட்டல் என்றால் 18. ‘ஃபிளாட்டில் சமைத்துச் சாப்பிடலாம், லாபம்’ என்று கணக்குப் போடுபவர்கள் இந்த 54 யூரோவையும் சேர்த்துப் போடணும்.

ஆக்ரோபோலிஸ் ஆளுக்கு 30 யூரோ. முன்பு ஆக்ரோபோலிஸ் உட்பட ஏதென்ஸின் ஏழு பழங்கால இடங்களுக்கும் சேர்த்து 30 யூரோவுக்கு ஒரே டிக்கெட் இருந்தது, 2025 ஏப்ரலில் அதை நிறுத்திட்டாங்க. பழைய பயணப் பதிவுகளைப் பார்த்து ஏமாறாதீங்க. முதல் ஞாயிறு இலவசம் என்பது நவம்பர்–மார்ச் மட்டும். உங்க தேதிக்குப் பொருந்தாது. ஆக்ரோபோலிஸ் மேல் இருக்கும் பார்த்தெனன் கோயிலை எதிரேயிருந்து பார்க்க ஃபிலோபாப்பு குன்றுக்குக் காசே இல்லை.

கார்டு மெஷினோ ஏடிஎம்மோ ‘ரூபாயில் எடுக்கவா, யூரோவிலா’ என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயைத் தொட்டால் அவங்க வைத்த மாற்று விலை, அதில் நல்ல நஷ்டம்.

மலைப்பாதை:
சாண்டோரினி ரெண்டு ராத்திரி 160-க்கா? எரிமலைப் பள்ளத்தைப் பார்த்த அறை அந்த விலைக்குக் கிடைக்காது. அந்தக் காட்சி இல்லை என்றால் அங்கே போவதே எதுக்கு?

கப்பல்கூலி:
காட்சி பார்க்க அங்கேதான் படுக்கணுமா? தீவின் மறுபக்கம் பெரிஸாவில் தங்குங்க. கறுப்பு மணல் கடற்கரை, அறை விலை பாதி. பஸ்ஸில் தீவின் முக்கிய ஊரான ஃபிராவுக்கு அரைமணி நேரம். ஃபிராவிலிருந்து வடக்கு முனை ஊரான ஓயா வரை பள்ளத்தின் விளிம்பிலேயே சுமார் 10 கிலோமீட்டர் நடைபாதை. மூன்று, நாலு மணி நேரம் ஆகும், ஒரு காசு செலவில்லை. காலை ஏழரைக்குள் தொடங்கிடுங்க. நடுவில் நிழல் கிடையாது, இமெரோவிக்லி தாண்டினால் தண்ணீர்க் கடையும் குறைவு. ஓயா முனைக்கு முன்னால் தளர்ந்த சரளைக்கல் இறக்கம் ஒன்று வரும். செருப்போடு போனால் சறுக்கும்.

கூட்டத்துக்குக் காரணம் சொகுசுக் கப்பல்கள். அவை பகலில் வந்து மாலையில் கிளம்பும். எந்த நாளில் எத்தனை கப்பல் என்ற துறைமுக அட்டவணை இணையத்தில் இருக்கு. அதைப் பார்த்துக் கப்பல் குறைந்த ரெண்டு நாளை எடுத்தால் ஊர் வேற மாதிரி இருக்கும். அஸ்தமனத்துக்கு ஓயாவில் முட்டிமோதாமல் பிர்கோஸ் கோட்டை மேட்டுக்குப் போங்க.

இன்னொன்று: ஃபெரி வந்து நிற்பது அதினியோஸ் துறைமுகம். கேபிள் காரும் 588 படிகளும் இருக்கும் பழைய துறைமுகம் அது இல்லை. இறங்கியதும் ‘பஸ் இல்லை, டாக்ஸிதான்’ என்பாங்க. கப்பல் வரும் நேரத்துக்கு ஃபிரா பஸ் நிற்கும், நேரே அதில் ஏறுங்க, நிரம்பினால் கிளம்பிவிடும்.

வெயில்காலம்:
தங்கமான விவரம். சைவம் பற்றி யாராவது சொல்லுங்களேன். ஃபெட்டா சாப்பிடலாமா?

சில்லறை:
ஃபெட்டாவை உறைய வைப்பது பெரும்பாலும் கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டில். கண்டிப்பான சைவம் என்றால் தவிர்க்கணும். ஸ்பனாகோபிட்டா கீரைப் பஃப்பில் ஃபெட்டாவும் முட்டையும் இருக்கும்.

கேட்க வேண்டியது ‘நிஸ்டீசிமோ’. கிரேக்கத் திருச்சபை விரத உணவு: இறைச்சி, முட்டை, பால் கிடையாது. ஆனால் இறால், கணவாய் விரதத்தில் அனுமதி உண்டு, அதனால் ‘கடல் உணவும் வேண்டாம்’ என்று சேர்த்தே சொல்லணும். பேக்கரியில் நிஸ்டீசிமோ கீரைப் பஃப் தனியாகக் கிடைக்கும்.

தைரியமாகச் சாப்பிடக்கூடியது: ஃபாவா, அதாவது மஞ்சள் பருப்பை மசித்து வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டது, சாண்டோரினியில் விசேஷம். தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை ஜிகாந்தெஸ். பிரியாம், காய்கறி அவியல் மாதிரி ஆனால் எண்ணெயில். கெமிஸ்தாவும் (அரிசி அடைத்த தக்காளி, குடைமிளகாய்) டோல்மாதெஸும் (அரிசி வைத்துச் சுருட்டிய திராட்சை இலை) வீட்டுக்கு வீடு மாறும், சிலர் கொத்துக்கறி சேர்ப்பாங்க. கேட்காமல் ஆர்டர் பண்ணாதீங்க. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குப் பெட்டிக்கடை, கப்பல், தொல்லியல் இடங்களில் சட்டப்படி உச்சவிலை 50 சென்ட். ஏதென்ஸ் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், சாண்டோரினியில் வேண்டாம்.

மலைப்பாதை:
சரி, தீவுக்கே போங்க. ஆனால் முதல் ஏதென்ஸ் ராத்திரி ரெண்டில் ஒன்றை எடுத்து டெல்ஃபியில் வையுங்க. லியோசியோனிலிருந்து நேர் பஸ், மூணு மணி நேரம், அதுக்குக் கார் தேவையில்லை.

கப்பல்கூலி:
வைக்கலாம். ஆனால் டெல்ஃபியிலிருந்து திரும்பி வந்த மறுநாள் விடியக்காலையில் ஏழரைக் கப்பல் ஏற எங்கே படுப்பது? நாக்சோஸில் ஒரு ராத்திரியைக் குறைத்து நடுவில் பிரேயஸில் தங்கணும். அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

மலைப்பாதை:
சாயங்காலக் கப்பலும் சில நாள் இருக்கே.

கப்பல்கூலி:
அக்டோபரில் தினமும் இல்லை. வெயில்காலம் சார், தேதி போட்டுக் கப்பல் அட்டவணையைப் பார்த்துட்டு இங்கே ஒட்டுங்க. மாலைக் கப்பல் இருக்கிற நாள் என்றால் டெல்ஃபியை விடுவதா வேண்டாமா என்று மறுபடி பேசலாம். விசா வரும்வரை கப்பல் டிக்கெட்டுக்குக் காசு கட்ட வேண்டாம். அக்டோபரில் சாதாரணக் கப்பலில் டெக் இடம் (இருக்கை எண் இல்லாத டிக்கெட்) கடைசி வாரம் வரைக்கும் கிடைக்கும். ஓட்டல் மட்டும் இலவச ரத்து வசதி உள்ளதாக இப்பவே பிடிச்சுடுங்க.