புதுப்பிப்பு: அப்பாவுக்கு கீமோவா, மாத்திரையா?

போன மாதம் கேட்டிருந்தேன்: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை, உடனே கீமோ தொடங்கவா, மரபணுப் பரிசோதனை முடிவு வரும்வரை பொறுக்கவா என்று. பொறுத்தோம். முதலில் எடுத்த திசு போதவில்லை என்று இன்னொரு தடவை ஊசி குத்தியதுதான் மிச்ச வேதனை.

முடிவு, ஈஜிஎஃப்ஆர் மாற்றம், எக்ஸோன் 19: புற்றுக் கலங்களை வளரத் தூண்டும் ஒரு மரபணுவில், எக்ஸோன் 19 என்ற பகுதியில் மாற்றம். சரி, மாத்திரை கேட்கும் வகை. நீங்கள் பலர் சொன்ன இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை, இதற்கு முதல் தெரிவு இல்லையாம்.

அப்புறம் எந்த மாத்திரை, பழைய, மலிவான ஜெஃபிடினிபா, புதிய ஒசிமெர்டினிபா? இவற்றை ஒப்பிட்ட ஃபிளோரா ஆய்வில் நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் தாண்டிய காலம்) ஒசிமெர்டினிபுக்கு 18.9 மாதம், ஜெஃபிடினிப் அல்லது அதே வகை எர்லோடினிப் எடுத்தவர்களுக்கு 10.2. மூளைக்குள்ளும் ஒசிமெர்டினிப் நன்றாகப் போகும். ஆனால் அதன் விலையைக் கேட்டதும் அம்மாவின் கை தன்பாட்டில் தாலிக்கொடிக்குப் போனது. அப்பா அதைக் கண்டுவிட்டார். "முதலில் மலிவானதைத் தாங்கோ டொக்டர்" என்றார். அப்படியே ஜெஃபிடினிப் தொடங்கினோம். எனக்கு இன்னும் அரை மனம்தான். பின்னால் நோய் மீறி, டி790எம் என்ற மாற்றம் (ஜெஃபிடினிப் கேட்காமல் போகச் செய்வது) தெரிந்தால் ஒசிமெர்டினிபுக்கு மாறலாம் என்பது ஒரு தெம்பு.

ஒன்று கவனியுங்கள். அப்பாவின் சொப்பிங் பையைக் கொட்டிப் பார்த்த டொக்டர், கேஸ்ட்ரிக்குக்குப் போடும் ஒமெப்ரஸோலை உடனே நிறுத்தினார். வயிற்று அமிலம் குறைந்தால் ஜெஃபிடினிப் உடம்பில் சரியாகச் சேராதாம். அதை நாங்கள் மருந்தாகவே எண்ணவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை.

இன்று மாத்திரை தொடங்கிப் பதினெட்டாம் நாள். அதன் பக்கவிளைவாக முகமெல்லாம் பரு. இருமல் குறைவு; நேற்று வெள்ளவத்தை ரயில் பாதை வரை நடந்து போய்க் கடல் பார்த்துவிட்டு வந்தார்.