டிக் வெல்டிங்: ஆர்க் ஒழுங்கா புடிக்கல, பீடும் (வெல்டு விழற கோடு) சாம்பல் கலராகுது, எங்கேருந்து பாக்க ஆரம்பிக்கணும்?

தகரத்தம்பி:

வணக்கம் எல்லாருக்கும். ஸ்டிக் வெல்டிங் கைவந்த வேலை, ஆனா டிக் (உருகாத டங்ஸ்டன் கம்பி நுனியில ஆர்க் எரிய, ஆர்கான் காஸ் மூடி காக்கற வெல்டிங்) எனக்கு புதுசு. மெஷின் இன்வெர்ட்டர், டிசி மட்டும், ஹெச்எஃப் ஸ்டார்ட் (நுனி தொடாமலே பொறியால ஆர்க் புடிக்கறது), ஏர் கூல்டு டார்ச். 2 மிமீ எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட்ல வெளிப்பக்க மூலை ஜாயிண்ட் ஓட்டுறேன், 60 ஆம்ப், சிவப்பு டங்ஸ்டன் 2.4 மிமீ, கப் (காஸ் வெளிய வர்ற டார்ச் வாய்) நம்பர் 6, ப்யூர் ஆர்கான் நிமிஷத்துக்கு 8 லிட்டர்.

சுவிட்ச அமுக்குனா சில நேரம் டக்குனு புடிக்குது, சில நேரம் கிர்ர்னு சத்தம் மட்டும் வருது, பொறி நுனிய விட்டுட்டு கப்புக்குள்ள பக்கவாட்டுல எங்கயோ பாயுது. அப்படியே புடிச்சாலும் பீடு சாம்பல் கலர்ல சொரசொரன்னு வருது, நிறுத்துனதும் பாத்தா டங்ஸ்டன் நீலம் கருப்புனு கிடக்கு. இது ரெண்டும் தனித்தனி பிரச்சனையா, இல்ல ஒன்னுதானா? எதை முதல்ல பாக்கறது?

காஸ்மணி:

8 லிட்டர் பத்தாது ப்ரோ. 20 வைங்க, எல்லாம் சரியாயிடும்.

பழையபட்டறை:

தம்பி, 20 வேண்டாம். நம்பர் 6 கப்புன்னா வாய் அகலம் பதினாறுல ஆறு இஞ்ச், அதாவது ஒன்பதரை மிமீ சுமார். அந்தச் சின்ன வாய்ல அவ்ளோ காஸ தள்ளுனா அது அமைதியா வந்து மூடாது, சுழிச்சிக்கிட்டு வெளிய இருக்கற காத்தையும் உள்ள இழுத்துக்கும். இந்த கப்புக்கு 7ல இருந்து 10 லிட்டர் சரியான அளவு, நீங்க வச்சது தப்பில்ல. கேள்வி என்னன்னா மீட்டர்ல காட்டுற 8 லிட்டர் நுனிக்கு வந்து சேருதாங்கறதுதான்.

ரெண்டும் ஒன்னுதான்னு எனக்குப் படுது. டங்ஸ்டன் கலர் கருத்துப்போச்சுன்னா அது சூடா இருக்கும்போது காத்து பட்டிருக்கு, மேல ஆக்சைடு ஏறியிருக்கு. ஆக்சைடு ஏறுன நுனியிலேருந்து ஆர்க் கிளம்ப முரண்டு புடிக்கும், அதான் பொறி வேற சுத்தமான இடமா பாத்து பக்கவாட்டுல ஏறுது. நீங்க ஸ்டார்ட் ஆகலன்னு மெஷினை சந்தேகப்படுவீங்க, ஆனா போன தடவை நிறுத்தும்போதே வேலை கெட்டிருக்கும்.

அதனால முதல்ல போஸ்ட் ஃப்ளோ, அதாவது ஆர்க் நின்ன பிறகும் காஸ் ஓடுற நேரம், எவ்வளவுன்னு பாருங்க. 10 ஆம்புக்கு ஒரு செகண்டுனு ஒரு கணக்கு இருக்கு, உங்களுக்கு 6 செகண்ட், நான்னா 8 வைப்பேன். ஆர்க் நின்னதும் டார்ச்ச தூக்கிடாதீங்க, காஸ் நிக்கற வரைக்கும் அதே இடத்துல பிடிச்சிருங்க, டங்ஸ்டனுக்கும் பீடு முடிவுக்கும் ரெண்டுக்கும் அது வேணும். ஸ்டிக் வெல்டிங் ஓட்டுன கைக்கு இதுதான் கஷ்டம், ஆர்க் நின்னா கை தானா மேல போயிடும். ப்ரீ ஃப்ளோ (ஆர்க்குக்கு முன்னாடி காஸ் ஓடுற நேரம்) அரை செகண்ட் போதும்.

அடுத்தது லீக் டெஸ்ட். மெஷின்ல காஸ் மட்டும் விடுற பட்டன் இருந்தா அதை ஆன் பண்ணுங்க, டார்ச் சுவிட்ச தொடவே கூடாது, ஹெச்எஃப் கைல அடிக்கும். காஸ் ஓடும்போது கப் வாயை கட்டைவிரலால நல்லா அடைச்சுட்டு ஃப்ளோ மீட்டர்ல உருண்டைய பாருங்க. அடியில விழுந்து உக்காரணும். விழாம மிதக்குதுன்னா காஸ் வேற எங்கயோ போகுது. அப்பறம் மீட்டர் நேரா நிமிந்து நிக்குதான்னும் பாத்துக்குங்க, சாஞ்சிருந்தா அது காட்டுற அளவை நம்பவே கூடாது.

பொறிக்கிறுக்கன்:

பழையபட்டறை அண்ணன் சொன்னதுல எனக்கு மறுப்பில்ல, ஆனா கரண்ட் பக்கத்தையும் விட்டுடக்கூடாது. எர்த் கிளாம்ப் எங்க மாட்டியிருக்கீங்க? துரு புடிச்ச டேபிள்ல மாட்டிட்டு மேல ஷீட்ட சும்மா வச்சிருந்தா ஒரு தடவை புடிக்கும் ஒரு தடவை புடிக்காது, அதுக்கு டங்ஸ்டன் மேல பழி போடக்கூடாது. ஷீட்லயே நேரா மாட்டுங்க. டார்ச் கேபிள சுருட்டி வச்சுட்டு வேலை செய்யாதீங்க, ஈரமான தரையிலயும் போடாதீங்க, ஹெச்எஃப் வழியிலயே கசிஞ்சுடும், நுனிக்கு வரும்போது தெம்பு இருக்காது. ஸ்பார்க் கேப் (ஹெச்எஃப் பொறி உண்டாகற இடைவெளி) வச்ச பழைய மாடல் மெஷினா இருந்தா அந்த கேப் தேஞ்சு அகண்டிருக்கும், அதை மேனுவல்ல சொன்ன அளவுக்கு வைக்கணும், ஆனா மெஷினை ஆஃப் பண்ணி பிளக்க உருவி கொஞ்ச நேரம் விட்டுட்டுதான் மூடிய திறக்கணும்.

இன்னொன்னு, 60 ஆம்புக்கு 2.4 எதுக்கு? 1.6 போடுங்க. தடிச்ச நுனி இவ்ளோ கம்மி ஆம்ப்ல சூடேற நேரம் எடுக்கும், ஆர்க் அலையும். கூர், டங்ஸ்டன் விட்டத்தைப் போல ரெண்டு ரெண்டரை மடங்கு நீளம், கோடு நீளவாக்குல விழற மாதிரி தீட்டணும், குறுக்கால தீட்டுனா ஆர்க் அந்த வளையத்துல சுத்திக்கிட்டு நிக்கும். சாதா இரும்பு தீட்டுற கல்லுல தீட்டாதீங்க, டங்ஸ்டனுக்குன்னு தனிக் கல்லு.

நீலமூக்கு:

ஒரு சின்ன விஷயம், சிவப்பு டங்ஸ்டன்ல தோரியம் இருக்கு, லேசா கதிர்வீச்சு உள்ளது, தீட்டுற தூசி மூச்சுல போகக்கூடாது. மாஸ்க் போட்டுக்குங்க, இல்ல லாந்தனம் கலந்ததுக்கு மாறிடுங்க, தங்க நிறத்துல 1.5 சதவீதம், நீல நிறத்துல 2 சதவீதம் வருது. கம்மி ஆம்ப் ஸ்டார்ட்டுக்கு எனக்கு நீலம்தான் புடிச்சிருக்கு.

தகரத்தம்பி:

எல்லாருக்கும் நன்றி. போஸ்ட் ஃப்ளோ 2 செகண்ட்ல இருந்துச்சு, 8 ஆக்கிட்டேன். லீக் டெஸ்ட் பண்ணேன், வாயை அடைச்சா உருண்டை 3ல நின்னுச்சு, கீழ விழவே இல்ல. சிலிண்டர் ரெகுலேட்டர் பக்கம், ஹோஸ் முனைங்க, மெஷினுக்கு பின்னாடின்னு எல்லா ஜாயிண்ட்லயும் சோப்பு தண்ணி வச்சு பாத்தேன், ஒரு குமிழி வரல. இப்ப எங்க தேடறது?

பழையபட்டறை:

அப்ப டார்ச்தான். பின்னாடி டங்ஸ்டன மூடுற கேப்ப கழட்டி அதுல இருக்கற ஓ ரிங்க பாருங்க, சூட்டுல காஞ்சு வெடிச்சிருக்கும். அந்த ஓட்டை ரொம்ப மோசம், காஸ் வெளிய போறது மட்டுமில்ல, ஓட்டத்துல காத்தையும் உள்ள உறிஞ்சும். கப்புக்கும் டார்ச் தலைக்கும் நடுவுல வர்ற வெள்ள இன்சுலேட்டரும் உடையாம இருக்கணும், சிலர் அதை மாட்ட மறந்துடுவாங்க. 1.6க்கு மாறுனா கோலெட் (டங்ஸ்டன இறுக்கிப் புடிக்கறது), கோலெட் பாடி (கோலெட் உள்ள உக்காரறது) ரெண்டையும் அதே சைஸுக்கு மாத்துங்க.

தகரத்தம்பி:

அதேதான்ணே! ஓ ரிங் ரெண்டா பிளந்து கிடந்துச்சு. புதுசு போட்டதும் அடைச்சா உருண்டை பொத்துனு விழுது. எர்த்தயும் ஷீட்லயே மாட்டிட்டேன், 1.6 போட்டாச்சு, சுவிட்ச தொட்டா ஆர்க் நிக்குது, டங்ஸ்டன் பளபளன்னு வெள்ளியாவே இருக்கு. தட்டையான துண்டுல பீடு வைக்கோல் நிறத்துல வருது. ஆனா மூலை ஜாயிண்ட்ல மட்டும் இன்னமும் கொஞ்சம் சாம்பல்.

பழையபட்டறை:

அது வெளிமூலையோட குணம். உள்மூலைன்னா ரெண்டு சுவரும் காஸ பிடிச்சு வச்சுக்கும், வெளிமூலையில ரெண்டு பக்கமும் வழிஞ்சு கீழ ஓடிடும், ஆர்கான் காத்தை விட கனம் வேற. காஸ் லென்ஸும் (சல்லடை வச்ச கோலெட் பாடி) நம்பர் 8 கப்பும் மாட்டுங்க, காஸ் நேரா சீரா இறங்கும், டங்ஸ்டன கொஞ்சம் நீளமா நீட்டினாலும் தாங்கும். சாதா கோலெட் பாடின்னா கப் வாய் அகலத்துக்கு மேல நீட்டாதீங்க. ஜாயிண்டுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டுனாப்ல அலுமினியக் கட்டை வச்சீங்கன்னா காஸ் வழியாம நிக்கும், சூட்டையும் இழுத்துக்கும். டார்ச்ச ரொம்ப சாய்க்காதீங்க, 15 டிகிரி போதும், அதுக்கு மேல சாஞ்சா பின்பக்கத்துல காத்து ஏறும். உருக்கி சேக்கற ஃபில்லர் ராடு நுனியையும் காஸை விட்டு வெளிய எடுக்காம ஓட்டுங்க, சூடான நுனி வெளிய போயிட்டு வந்தா அந்த கருப்பெல்லாம் பீடுலதான் கலக்கும். ஃபேன் ஓடுதா பக்கத்துல?

தகரத்தம்பி:

ஓடுது, சுவத்துப் பக்கம் திருப்பிதான் வச்சிருக்கேன்.

பழையபட்டறை:

சுவத்துல பட்டு திரும்பி வரும் தம்பி. வெல்டு போடற நேரம் நிறுத்திட்டு ஒரு பீடு போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க, கப்ப மாத்தறதுக்கு முன்னாடியே.

நீலமூக்கு:

ஜாயிண்டோட உள்பக்கத்தையும் எட்டிப் பாருங்க. அங்க பொரிபொரியா கருப்பா இருந்தா டார்ச் காஸ என்ன சரி பண்ணாலும் போகாது, பின்னாடியும் ஆர்கான் விடணும். பெட்டி மாதிரி மூடுற வேலையா அது?

தகரத்தம்பி:

ஆமா, கடைசியில மூடற பெட்டிதான். பின்பக்கத்தை ஃபோட்டோ எடுத்துப் போடுறேன், ஃபேன நிறுத்தி ஒரு பீடு ஓட்டிட்டு.