கரையோர நீரோட்டம் அளக்கப் போய் பட்ட பாடு, உங்க அனுபவத்தையும் போடுங்க

சரி நானே ஆரம்பிக்கிறேன். ஏடிசிபின்னு ஒரு கருவி இருக்கு, தெரியாதவங்களுக்காக சொல்றேன், கடலடியில மேல பாத்து உக்காந்துக்கிட்டு நாலு பக்கமும் சாய்வா ஒலிய அனுப்பும், தண்ணியோட சேந்து போற துகள், கண்ணுக்கே தெரியாத பூச்சி பொட்டு மேல எல்லாம் பட்டு அந்த ஒலி திரும்பி வரும்போது அதிர்வெண் எவ்ளோ மாறியிருக்குன்னு வச்சு ஒவ்வொரு ஆழத்துலயும் தண்ணி எவ்ளோ வேகமா எந்தப் பக்கம் போகுதுன்னு கணக்கு போட்டு குடுத்துடும். டாப்ளர்தான், ரயில் நம்மள தாண்டும்போது ஹாரன் சத்தம் இறங்குமே, அதே சமாச்சாரம்.

18 மீட்டர் ஆழத்துல இறக்கி 30 நாள் விட்டோம். பத்து நாள் பத்தாதான்னு மேலிடத்துல ஒரே நச்சரிப்பு. ஓதம் ஏறி இறங்கி திரும்ப ஏற 12 மணி 25 நிமிஷம் ஆகும், அது தவிர அமாவாசை பௌர்ணமிக்கு வலுத்து நடுவுல சோந்து போற சுத்து ஒண்ணு ஏறக்குறைய 15 நாள், அதுல ரெண்டு சுத்தாவது வேணும்னு சொல்லி சம்மதிக்க வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

டைவர் மேல கொண்டு வந்தப்போ ஃபிரேம் பூரா கொட்டலசு (பார்னக்கிள்னு சொல்ற ஓட்டு உயிரி) ஒட்டி வெள்ளையா சொரசொரன்னு கெடந்துச்சு, டேட்டா மட்டும் பளிச்னு வந்துச்சு. வரைஞ்சு பாத்தா நீரோட்டம் கரைய ஒட்டி ஓடாம 25 டிகிரி திரும்பி நிலத்துக்குள்ள போகுது. அப்படிப் பாத்தா தண்ணி கரையேறி எங்க ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கணும். ரெண்டு நாள் மண்டைய ஒடச்சதுக்கப்புறம்தான் புரிஞ்சுது, கருவிக்குள்ள இருக்குற காம்பஸ் வடக்க சரியா காட்டுதான்னு பாத்து சரிபண்ற கேலிபரேஷன நான் கருவிய தனியா வச்சு பண்ணியிருக்கேன், அப்புறம் புது பேட்டரி போட்டு இரும்பு ஃபிரேம்ல மாட்டி இறக்கியிருக்கேன். இரும்பு பக்கத்துல இருந்தா காம்பஸ் எங்க வடக்க காட்டும்?

நல்ல வேளை அதே ஃபிரேம், அதே பேட்டரியோட மறுபடி மாட்டி, வண்டி கம்பி எதுவும் இல்லாத வெட்டவெளியில மரப்பலகை மேல வச்சு பத்து பத்து டிகிரியா சுத்தி தப்பு எவ்ளோன்னு எடுத்தோம். அடியில கருவி 30 நாளும் ஒரே திசைய பாத்து அசையாம இருந்ததால ஒரே ஒரு திருத்தம் போதுமா போச்சு, டேட்டா பொழச்சுது.

இன்னொரு கூத்து, தண்ணி மேல்மட்டத்துல மட்டும் கன்னாபின்னான்னு வேகம் தெரிஞ்சுது, புதுசா ஏதோ கண்டுபுடிச்சுட்டோம்னு துள்ளிட்டேன். ஒலிக்கற்றை 20 டிகிரி சாய்வுன்னா மேல இருக்குற 6 சதவீதத்த நம்பக்கூடாதாம், கடல் மேல்பரப்புல நேரா முட்டி வர்ற எதிரொலி அதுல கலந்துடும். 18 மீட்டருக்கு அது ஒரு மீட்டர் சொச்சம். என் கண்டுபிடிப்பு அதோட காலி.

———

மேல காம்பஸ் கதை போட்டவருக்கு ஒரு வணக்கம். எங்ககிட்ட அந்த மாதிரி கருவியெல்லாம் கிடையாது, நாங்க ஆரஞ்சுப்பழம் பார்ட்டி. சிரிக்காதீங்க. முதல்ல பிளாஸ்டிக் பந்து போட்டோம், அது காத்துக்கு ஆடுது, தண்ணிய கண்டுக்கவே இல்ல. ஆரஞ்சு முக்காவாசிக்கு மேல முழுகி மிதக்கும், காத்து அவ்வளவா புடிக்காது, தூரத்துலேந்து பாத்தாலும் நிறம் தெரியும், தொலைஞ்சாலும் கடலுக்கு குப்பை இல்ல. கரையில 50 மீட்டர் இடைவெளியில ரெண்டு கம்பு நட்டு ஸ்டாப்வாட்ச் அமுக்குனோம், 2 நிமிஷம், அதாவது வினாடிக்கு 0.4 மீட்டர், கரைய ஒட்டியே ஒழுங்கா போச்சு.

ஒரு இடத்துல மட்டும் அலை உடையாம தண்ணி அமைதியா இருந்துச்சு, குளிக்க வர்றவங்க எல்லாம் ஆசையா அங்கதான் எறங்குவாங்க. அங்க போட்ட ஆரஞ்சு சடார்னு திரும்பி நேரா கடலுக்குள்ள போக ஆரம்பிச்சுது, அலை உடையிற எடத்தையும் தாண்டி போய்க்கிட்டே இருக்கு. ரிப், அதாவது கரையிலேந்து கடலுக்குள்ள இழுக்குற நீரோட்டம்! அது பலமா இருந்தா வினாடிக்கு 2 மீட்டர் வரைக்கும் இழுக்கும், ஒலிம்பிக்ல 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ஜெயிக்கிறவரே வினாடிக்கு 2.4 மீட்டர்தான், அதுவும் அரை நிமிஷத்துக்கு உள்ள. எதிர்நீச்சல் போடாம கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வாங்கன்னு ஏன் சொல்றாங்கன்னு அன்னிக்குதான் எனக்கு உறைச்சுது.

———

நான் பழைய ஆளு. எக்மன்னு ஸ்வீடன்காரர், இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல நீரோட்டம் அளக்குற ஒரு கருவி செஞ்சாரு, பேட்டரி எல்லாம் கிடையாது. கயித்துல இறக்கி, மேலேந்து ஒரு எடைய நழுவ விட்டா அது போய் தட்டி உள்ள இருக்குற விசிறி சுத்த ஆரம்பிக்கும், சுத்த சுத்த குட்டி உலோக குண்டு ஒவ்வொண்ணா காம்பஸ் முள்ளு மேல விழுந்து அது காட்டுற பக்கமா உருண்டு கீழ இருக்குற 36 அறையில ஏதோ ஒண்ணுல விழும். மேல தூக்கி எந்த அறையில எத்தன குண்டுன்னு எண்ணுனா திசை வந்துடும். அப்படி ஒண்ண தொட்டு பாத்தவன் நான், அந்த குண்டு உருளுற சத்தம் இப்பவும் காதுல இருக்கு.

என் அசட்டுத்தனம் வேற. காத்த எங்கேந்து வருதோ அந்த திசைய சொல்லி எழுதுவாங்க, நீரோட்டத்த எங்க போகுதோ அந்த திசைய சொல்லி எழுதுவாங்க. வடக்கு காத்துன்னா வடக்கேந்து வருது, வடக்கு நீரோட்டம்னா வடக்க போகுது. இது தெரியாம ரெண்டையும் ஒரே படத்துல அம்பு போட்டு, காத்துக்கு நேர் எதிரா தண்ணி ஓடுதுன்னு ஒரு ரிப்போர்ட் முழுக்க எழுதி காரணம் வேற ரெண்டு பக்கத்துக்கு விளக்கியிருந்தேன்.

———

ரெண்டு பக்கமா 😂 ஆரஞ்சுக்காரரே ஒரே கேள்வி, போட்ட பழத்துல எத்தன திரும்பி கெடச்சுது?

———

12 போட்டோம், 9 கெடச்சுது. ரெண்டு அந்த ரிப்போட போயிடுச்சு. ஒண்ணு கரை ஒதுங்குனதும் நாய் கவ்விக்கிட்டு ஓடிடுச்சு, அதோட வேகத்த மட்டும் கணக்குல சேக்கல.