புதுப்பிப்பு: 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் மார்க் 9 (ரெண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் சண்டை விமானம்) பிளாஸ்டிக் மாடல், டீக்கால் (தண்ணில ஊற வச்சு ஒட்டுற மெல்லிய ஸ்டிக்கர்) வரைக்கும் வந்தாச்சு

போன தடவ, ரெக்கை உடம்போட சேர்ற எடத்துல கேப் தெரியுது, புட்டி போடவானு கேட்டிருந்தேன்ல, பாதி பேர் போடுன்னீங்க, ஆனா புட்டிய தேய்க்கும்போது பக்கத்து பேனல் லைனும் (தகடுங்க சேர்ற எடத்த காட்டுற மெல்லிய பள்ளக் கோடு) சேந்து போயிடும்னு தோணுச்சு, அதனால மெல்லிசா பிளாஸ்டிக் ஷீட் துண்டு வெட்டி உள்ள சொருகி லிக்விட் சிமெண்ட் விட்டு காஞ்சதும் தேச்சேன். ப்ரைமர் அடிச்சு பாத்தா கேப் இருந்த கோடே தெரியல!

இன்வேஷன் ஸ்ட்ரைப் (நம்ம பக்க விமானம்னு அடையாளம் தெரிய நேச நாட்டு விமானங்கள்ல அடிச்ச கருப்பு வெள்ளை பட்டை) மட்டும் டீக்கால் வேணாம்னு பெயிண்ட்லயே போட்டேன். மூணு வெள்ளை, ரெண்டு கருப்பு, ஒரிஜினல்ல ஒவ்வொண்ணும் 18 இன்ச் அகலம், 1/72ல 6.35 மில்லிமீட்டர். 1944 ஜூன்ல நார்மண்டி இறங்குறதுக்கு முன்னாடி நிறைய விமானத்துல அவசர அவசரமா பிரஷ்ல அடிச்சதுதானே, லேசா கோணலா இருந்தாதான் அழகுங்கறது என் கட்சி.

மத்த டீக்காலுக்கு முன்னாடி கிளாஸ் கோட் (பளபளப்பான தெளிவான பூச்சு) கண்டிப்பா அடிங்க. மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட் மேல நேரா ஒட்டுனா சொரசொரப்புல காத்து மாட்டி ஃபிலிம் வெள்ளியா மின்னும். சாஃப்ட்னர் (டீக்கால மிருதுவாக்குற திரவம்) தடவுனதும் ரவுண்டல் (விமானப்படையோட வட்ட அடையாளம்) டீக்கால் சுருங்கி வயித்த கலக்கும், கை வச்சிடாதீங்க, காய காய தானா பேனல் லைனுக்குள்ள படிஞ்சிடும்.

இனி வாஷ் (பேனல் லைன் எடுப்பா தெரிய விடுற நீர்த்த பெயிண்ட்), மேட் கோட், எக்ஸாஸ்ட் கறை பாக்கி. கேனப்பி மாஸ்க் (விமானி உக்கார்ற எடத்து கண்ணாடி மூடில பெயிண்ட் படாம ஒட்டுன டேப்) கடைசியாதான் உரிப்பேன், அவசரப்படுத்தாதீங்கப்பா.